சான்றின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது?

1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு பத்தி இந்தியா முழுவதும் நெடுங்காலமாக உலவிவருகிறது. நாட்டின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை. இத்தகைய நாட்டை அடக்க வேண்டுமானால் அதன் பழைய கல்விமுறையைச் சிதைத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். மேடைப் பேச்சு, நாளிதழ்க் கட்டுரை, அச்சு நூல், வாட்ஸ்அப் என்று அது ஏறாத இடமில்லை. ஆனால் மெக்காலே 1834 ஜூனிலேயே சென்னைக் கரையில் இறங்கிவிட்டார். தலைமை ஆளுநர் அவையின் சட்ட உறுப்பினரான அவர், மேற்படி நாளில் இருந்தது கல்கத்தாவில். கல்வி பற்றிய அவருடைய புகழ்பெற்ற குறிப்பு அதே நாளிட்டது, முழுமையாகக் கிடைக்கிறது, உலவிவரும் வரிகள் அதில் இல்லை. ஆள் உண்மை, நாள் உண்மை, பொருளும் அவர் கொள்கையோடு ஒட்டுவதுபோலத் தோன்றுகிறது. கூற்றுக்கு மட்டும் வேர் இல்லை. பத்து இடங்களில் இதைக் காணும் ஒரு மாணவர் எந்த அளவுகோலைக் கொண்டு இதைத் தள்ளியிருக்க முடியும்?

இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று. சொல்பவரின் தகுதியைப் பார் என்றது ஒரு மரபு. ஆவணத்தையே விசாரி என்றது இன்னொன்று. தேர்ந்த நிறுவனங்களின் முத்திரையை நம்பு என்றது நவீன அறிவியல். சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுத்தன நூலகங்கள். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து பிறர் சொல்வதைக் கேள் என்கிறது அண்மைக்கால ஆய்வு. இந்த விடைகள் ஒவ்வொன்றும் தம் காலத்தின் ஒரு நெருக்கடிக்குப் பிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனமும் உண்டு. இவை அனைத்துக்கும் அடியில் ஒரே வினா இருப்பதாகக் கொள்ள இடமிருக்கிறது: இதைச் சொன்னவருக்கு இதை அறிய என்ன வழி இருந்தது, இது எந்தக் கைகளைக் கடந்து நம்மிடம் வந்தது? அந்த வினாவை மறந்து அதன் பதிலிகளை மட்டும் பற்றிக்கொள்ளும்போதுதான் எல்லா முறைகளும் தடுமாறுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொல்பவரை நம்புதல்

அறிவு எவ்வழியில் பெறப்படுகிறது என்ற விவாதம் இந்திய மெய்யியலில் மிகப் பழையது. நியாய மரபு காட்சி, அனுமானம், உவமானம் ஆகியவற்றோடு நம்பத்தக்கவரின் சொல்லையும் நான்காவது அளவையாக ஏற்றது. திக்நாகரின் வழிவந்த பௌத்தர்கள் காட்சியும் அனுமானமும் போதும், பிறர் சொல் தனி அளவையாகாது என்றனர். மணிமேகலையின் சமயக்கணக்கர் திறம் கேட்ட காதை, பத்து, எட்டு, ஆறு என அளவைகளை வெவ்வேறு எண்ணிக்கையில் கொண்ட ஆசிரியர்களைப் பேசுகிறது. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றில் நிலைகொண்டது. தமிழில் சான்றின் தகுதி பற்றிய பேச்சு இறக்குமதிச் சரக்கு என்று கருதுவோர் இவற்றை நினைவில் கொள்ளலாம்.

இம்மரபின் வலுவான கூற்று நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனருடையது. பொருளை நேரே அறிந்திருத்தலும், அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் உள்ளவரே நம்பத்தக்கவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார் அவர். தகுதியைப் பிறப்பிலிருந்தும் பதவியிலிருந்தும் பிரித்து, அறியும் வாய்ப்பின்மீது வைக்கும் நிலைப்பாடு இது. நடைமுறையில் இது எளிதாகவே பின்னோக்கி வழுக்கிவிடுகிறது: இவர் பெரியவர், ஆகவே இவர் சொல்வது சரி என்றாகிவிடுகிறது.

இறையனார் களவியல் உரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முச்சங்கங்களும் முறையே 4,440, 3,700, 1,850 ஆண்டுகள் நிலைத்தன என்ற செய்தியின் மூலம் அதுவே. தன் உரை நக்கீரரிடமிருந்து தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்தது என்று அந்நூலே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. சான்றுக்கு வழிமரபு வேண்டும் என்ற உணர்வு அக்காலத்திலேயே இருந்ததற்கு இது அடையாளம். ஆனால் 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியனைப் புகழும் பாண்டிக்கோவைப் பாடல்களை உரை மேற்கோள் காட்டுவதால், நம் கைக்கு வந்த வடிவம் அதற்குப் பிற்பட்டது. பொதுவாக ஆய்வாளர்கள் 8ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கின்றனர். ஆகவே 9,990 ஆண்டுக் கணக்குக்கு நேர்சாட்சி என்று அதைக் கொள்வது கடினம். சங்கம் குறித்து 8ஆம் நூற்றாண்டில் என்ன நம்பப்பட்டது என்பதற்கோ அதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஒரே நூல் ஒரு கேள்விக்கு வலுவான சான்றாகவும் இன்னொரு கேள்விக்கு நலிந்த சான்றாகவும் இருக்கக்கூடும் என்பது இங்கே புலனாகிறது.

ஆவணத்தை விசாரித்தல்

ஐரோப்பாவில் சொல்பவரின் பெருமையிலிருந்து ஆவணத்தின் பக்கம் கவனம் திரும்பியதற்கு அடையாளமாகச் சுட்டப்படுவது லொரென்சோ வல்லா 1440இல் எழுதிய ஆய்வு. மேற்கு ரோமப் பேரரசின் ஆட்சியைப் போப்பாண்டவருக்குக் கான்ஸ்டன்டைன் பேரரசர் எழுதிக்கொடுத்ததாகச் சொன்ன கொடையாவணத்தின் லத்தீன் 4ஆம் நூற்றாண்டு மொழியன்று என்று அவர் நிறுவினார். 1681இல் மபில்லான் ஆவணங்களின் எழுத்து, முத்திரை, வாய்பாடு ஆகியவற்றை ஆராயும் முறையை வகுத்தார். 19ஆம் நூற்றாண்டில் ராங்கே காப்பகங்களை வரலாற்றின் மையமாக்கினார். 1898இல் லாங்லுவா, செஞ்ஞோபோஸ் இருவரும் எழுதிய கையேடு இவற்றை மாணவர்களுக்கான இரு படிகளாக்கியது: ஆவணம் உண்மையானதா என்பது புறத்திறனாய்வு, அது சொல்வது உண்மையா என்பது அகத்திறனாய்வு.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதைச் சோழர் கல்வெட்டுகளைப் படிக்கும் மாணவர் உடனே உணர்வார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலுள்ள கல்வெட்டு போலியன்று. முதற்படியை அது எளிதில் கடந்துவிடும். கோயிலுக்கு விடப்பட்ட நிலம், விளக்கு, பொன் ஆகியவற்றுக்கு அது கிட்டத்தட்ட கணக்கேடு. அதே கல்லின் தொடக்கத்திலுள்ள மெய்கீர்த்தி அரசன் தன்னைப் பற்றிச் சொல்லச் செய்த புகழுரை. போர் நடந்தது என்பதற்கு அது துணைச்சான்றாகலாம்; வெற்றியின் அளவுக்குத் தோற்றவர் தரப்புச் சான்று கிடைத்தால் ஒழிய அதை அப்படியே ஏற்பது தகாது.

ஆவணத் திறனாய்வு மிக நுட்பமான கருவி, ஆனால் மெதுவானது. மூலமொழி, எழுத்து வடிவம், காலச்சூழல் எல்லாம் தெரிந்தவருக்கே அது முழுமையாகக் கைவரும். இரண்டு வாரத்தில் இருபது மேற்கோளோடு கட்டுரை ஒப்படைக்க வேண்டிய இளங்கலை மாணவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. தத்துவ அறிஞர் ஜான் ஹார்ட்விக் 1985இல் முன்வைத்த வாதமும் இங்கே சேர்கிறது: நவீன அறிவு பெரும்பாலும் பிறரைச் சார்ந்தே நிற்கிறது, ஒவ்வொன்றையும் தானே சோதிக்க முற்படுபவர் அதிகம் அறிவதில்லை, குறைவாகவே அறிவார். அப்படியானால் யாரைச் சார்வது?

நிறுவன முத்திரையும் அதன் விரிசல்களும்

1665இல் லண்டனில் ஓல்டன்பர்க் தொடங்கிய ஆய்விதழிலிருந்து கிளைத்த அறிவியல் இதழ் மரபு, சக அறிஞர் மதிப்பாய்வை அந்தக் கேள்விக்கு விடையாக்கியது. இம்முறை எண்ணப்படுவதைவிட இளையது. ‘நேச்சர்’ இதழ் எல்லாக் கட்டுரைகளுக்கும் அதை முறைப்படி நடைமுறையாக்கியது 1973இல்தான். இன்று மாணவர்களுக்குத் தரப்படும் முதல் அறிவுரை, மதிப்பாய்வு பெற்ற இதழ்க் கட்டுரைகளையே மேற்கோள் காட்டுங்கள் என்பது. பொதுவாக அது நல்ல அறிவுரைதான். ஆனால் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் ‘லான்செட்’ என்ற முதல்நிலை இதழில்தான் வந்தது. 12 குழந்தைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அந்தக் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற 2010 வரை ஆயிற்று. முத்திரை பிழையைத் தடுக்கவில்லை. திருத்தும் பாதை ஒன்றை மட்டும் திறந்துவைத்திருந்தது.

முத்திரைக்கு மதிப்பு வந்ததும் போலி முத்திரையும் வந்தது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் வேண்டுமென்றே பெரும்பிழைகள் பொதித்த ஒரு கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் 64 இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை. பணம் பெற்று எதையும் வெளியிடும் இதழ்களைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை அதுவே நீக்க நேர்ந்தது. பின்னர் 2019இல் ‘கேர்’ பட்டியல் வந்தது; 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே திரும்பியது.

இந்த வரலாற்றிலிருந்து நிறுவனங்களே பயனற்றவை என்று முடிவுகட்டுவது அவசரம். பொஹானனின் கட்டுரையை மறுத்த இதழ்களும் இருந்தன; வேக்ஃபீல்டின் முடிவைத் தகர்த்தவையும் பிற இதழ்களில் வந்த பெரிய ஆய்வுகளே. ஒரு முத்திரை எந்தச் சோதனையைக் குறிக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை நிபந்தனையாகும்போது, முத்திரை சோதனையிலிருந்து கழன்று தனிச் சரக்காகிவிடுகிறது.

பட்டியலிலிருந்து பக்கவாட்டு வாசிப்புக்கு

இணையம் பரவியபோது நூலகங்கள் சரிபார்ப்புப் பட்டியல்களை உருவாக்கின. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சீக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லி 2004இல் வகுத்த பட்டியல் உலகெங்கும் பரவியது. காலப் பொருத்தம், தலைப்புப் பொருத்தம், எழுதியவர் தகுதி, துல்லியம், நோக்கம் ஆகிய ஐந்தையும் பக்கத்தை வைத்துக்கொண்டே மதிப்பிடச் சொல்கிறது அது. கற்பிக்க எளிது, மதிப்பெண் போடவும் எளிது. எனினும் அது கேட்கும் பலவும் அந்தப் பக்கத்தை உருவாக்கியவரே தரும் தகவல்கள். ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியும், சீரான வடிவமைப்பும், அடிக்குறிப்புகளும் யாராலும் செய்யக்கூடியவை.

இந்தக் குறையை அளந்து காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும். வைன்பர்க் 1991இல் வரலாற்றாய்வாளர்கள் ஆவணங்களை வாசிக்கும் முறையை ஆராய்ந்து, பள்ளிகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டியவர். 2019இல் வெளியான ஆய்வில் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தனர். குழந்தை மருத்துவர்களின் பெயரில் இயங்கும் இரு அமெரிக்க அமைப்புகள் காட்டப்பட்டன. ஒன்று 1930இல் தோன்றிய பெரும் தொழில்முறை அமைப்பு, மற்றது கொள்கை வேறுபாட்டால் 2002இல் பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தையே நம்பத்தக்கதாகக் கருதினர், வரலாற்றாய்வாளர்களிடையேயும் தயக்கம் இருந்தது, சரிபார்ப்பாளர்கள் ஏமாறவில்லை. அவர்கள் செய்தது எளிது: பக்கத்தை ஆழ்ந்து படிக்காமல் உடனே வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். இதுவே பக்கவாட்டு வாசிப்பு. மைக் கால்ஃபீல்ட் இதை மாணவர்களுக்கான நான்கு அசைவுகளாகச் சுருக்கினார்: நில், மூலத்தை விசாரி, மேலான செய்தியைத் தேடு, கூற்றை அதன் பிறப்பிடம் வரை பின்தொடர்.

கவனமாகப் படிப்பதே கற்றவருக்கு அழகு என்று பழகிய ஆசிரியர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். காப்பகத்தில் ஆவணம் கைக்கு வரும்போது அது இன்னாருடையது என்ற விவரம் உடன் வருகிறது. இணையத்தில் அந்த விவரமே இல்லை அல்லது புனையப்படுகிறது. ஆகவே, ஆழ்ந்து படிப்பதற்கு முன் எது படிக்கத்தக்கது என்று பிரிக்கும் கட்டம் ஒன்று தேவைப்படுகிறது. இம்முறையின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: பக்கவாட்டில் தேடிக் கேட்கும் குரல்கள் ஒன்றையொன்று சாராதவை என்று அது கருதிக்கொள்கிறது.

படிகள் பெருகும்போது

பழைய நூல்களைப் பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்கு தெரியும். ஒரே மூல ஏட்டிலிருந்து எழுதப்பட்ட பத்துப் படிகள் பத்துச் சாட்சிகள் ஆகா. அவை ஒரே சாட்சியின் பத்து எதிரொலிகள். ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, பாடபேதங்களைக் குறித்து உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது, சுவடிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கிடையிலான உறவே முக்கியமாக இருந்தது. இணையத்தில் நூறு பக்கங்கள் ஒரே பத்தியைச் சொல்லும்போது மாணவர் கேட்க வேண்டியதும் இதுதான்.

விக்கிப்பீடியா இதில் தனியிடம் வகிக்கிறது. 2005இல் ‘நேச்சர்’ 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டதில் விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிகாவில் 123 பிழைகளும் காணப்பட்டன. பிரிட்டானிகா அந்த முறையையே கடுமையாக மறுத்தது. 2007இல் மிடில்பரி கல்லூரியின் வரலாற்றுத் துறை விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக் கூடாது என்றது. படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதிகம் கவனிக்க வேண்டியது பிழை எண்ணிக்கையைவிட வட்டப் பாதையை. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் கோட்டி என்ற விலங்கின் கட்டுரையில் ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்ற பெயரை விளையாட்டாகச் சேர்த்தார். அது நாளிதழ்களிலும் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலிலும் ஏறியது. பிறகு நாளிதழ் ஒன்றே அப்பெயருக்குச் சான்றாக விக்கிப்பீடியாவில் காட்டப்பட்டது. பக்கவாட்டில் தேடியவருக்கு எல்லாமே உறுதி செய்வதாகத் தோன்றியிருக்கும்.

தமிழில் இதைவிடப் பெரிய வட்டம் குமரிக் கண்டம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்படுவதை விளக்க, பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் லெமூரியா என்ற மூழ்கிய நிலப்பரப்பை ஊகித்தார். ஹெக்கல் அதை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். பிரம்மஞான சபையினர் அதற்குத் தொல்கதை சூட்டினர். கடல்கொண்ட நிலம் பற்றிய இறையனார் களவியல் உரையின் செய்தியும், பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம் என்ற அடியார்க்குநல்லாரின் கணக்கும் இதனோடு இணைந்தன. இலக்கியச் சான்றுக்கு அறிவியலும், அறிவியலுக்கு இலக்கியமும் ஒன்றுக்கொன்று சாட்சியாயின. 1960களில் நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றபின் லெமூரியாவுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. இந்த இணைப்பின் வரலாற்றைச் சுமதி ராமசாமி 2004இல் வெளியிட்ட நூல் விரிவாகத் தொடர்கிறது. பனியூழி முடிவில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்து கரையோர நிலங்கள் மூழ்கியது நிலவியல் ஏற்கும் செய்தி. ஒரு கண்டம் மூழ்கியது என்பதற்கு அது சான்றாகாது. இணையத்தில் இவ்விரண்டும் ஒரே பத்தியில் கலந்து வருகின்றன. அங்கேதான் கூற்றைக் கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே வேர் தேட வேண்டியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இச்சிக்கலின் புதிய வடிவம். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் தரக்கூடிய கருவிகள் 2022 முதல் மாணவர் கையில் உள்ளன. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. மேற்கோளின் வடிவமே நம்பிக்கைக்கு அடையாளமாக இருந்த காலம் இதோடு முடிந்திருக்கலாம்.

எழக்கூடிய மறுப்புகள்

ஒவ்வொரு கூற்றையும் பிறப்பிடம் வரை பின்தொடர்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது முதல் மறுப்பு. அது சரியே. ஆகவே வாதம் தாங்கும் கூற்றையும் அலங்காரக் கூற்றையும் பிரித்தறிவது தேவைப்படுகிறது. ஆய்வின் முடிவு எதன்மீது நிற்கிறதோ, எது நீக்கப்பட்டால் முடிவு சரியுமோ, அந்த மூன்று நான்கு கூற்றுகளுக்கு முழு விசாரணை போதும். மற்றவற்றுக்கு நிறுவன முத்திரை போன்ற பதிலிகளே தாங்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. எதையும் ஐயுறக் கற்ற மாணவர் இறுதியில் எதையுமே நம்பாதவராகவோ, தனக்குப் பிடித்ததை மட்டும் நம்புபவராகவோ ஆகலாம். ஊடகக் கல்வி இப்படித் திருப்பித் தாக்கக்கூடும் என்று 2018இல் டானா பாய்ட் எச்சரித்தார். ஐயுறுதலைத் தனித் திறனாகக் கற்பித்தால் இந்த அபாயம் உண்மைதான். எதை ஏன் நம்பலாம் என்பதையும் சம அளவில் கற்பித்தால் குறையக்கூடும். மெய்கீர்த்தியின் போர்ச்செய்தியை ஐயுறும் மாணவர் அதே கல்வெட்டின் நிலக்கொடையை ஏற்கக் கற்பது இதனால்தான் முக்கியம்.

மூன்றாவது, இம்முறைகள் ஆங்கிலத்தில் மிகுந்துள்ள வளங்களை நம்பியவை. தமிழில் படிக்கும் மாணவருக்குப் பக்கவாட்டில் தேட என்ன இருக்கிறது என்ற மறுப்பு. இதில் பாதி உண்மை. 1950களிலும் 60களிலும் வெளிவந்த கலைக்களஞ்சியம், மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், ரோஜா முத்தையா நூலகத்தின் இதழ்த் திரட்டு, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தொகுக்கும் நூலகம் திட்டம், கல்வெட்டுத் தொகுதிகள் ஆகியன மூலங்களை நோக்கிச் செல்லும் வழியை முன்பைவிட எளிதாக்கியுள்ளன. மூலங்களை மதிப்பிட்டு எழுதும் இடைநிலை எழுத்து, அதாவது நூல் மதிப்புரை, துறை மீள்பார்வை, பிழைத்திருத்தம் ஆகியவை தமிழில் மெலிந்தே உள்ளன. பக்கவாட்டு வாசிப்பு பெரிதும் அவற்றை நம்பியே நிற்கிறது.

எஞ்சி நிற்பவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. தகுதி என்பது நூலின் நிலையான குணமன்று. கேட்கப்படும் கேள்விக்கும் சொன்னவரின் அறியும் வாய்ப்புக்கும் இடையிலான பொருத்தம். சான்றுகளின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றையொன்று சாராதிருப்பதே எடை தருகிறது. நம்பத்தக்கவர் சொல், ஆவணம், முத்திரை, பட்டியல், பக்கவாட்டு வாசிப்பு ஆகிய ஐந்தும் போட்டி முறைகள் என்பதைவிட, நேரமும் பயிற்சியும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தேர வேண்டிய கருவிகள் என்று கொள்வதே பொருத்தம்.

தீராதவை பல. பக்கவாட்டு வாசிப்பைக் கற்பித்தால் பலன் உண்டு என்று அமெரிக்கப் பள்ளி ஆய்வுகள் காட்டுகின்றன. 2022இல் வெளியான ஒன்றில் ஆறு பாடங்களே மாற்றம் தந்தன. அந்த மாற்றம் ஆண்டுகள் கடந்து நிலைக்குமா, வேறு மொழிச் சூழலில் அப்படியே பலிக்குமா என்பவை திறந்த கேள்விகள். எந்த ஏட்டிலிருந்து எந்தப் படி வந்தது என்று சுவடியியல் கண்டறிந்ததுபோல, இயந்திரம் எழுதிய உரையின் வழிமரபைக் கண்டறிய முடியுமா என்பதற்கும் தெளிவான விடை இல்லை. மேற்கோள் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரும் தேர்வுமுறையும், கட்டுரை எண்ணிக்கைக்குப் பட்டம் தரும் விதிமுறையும் தொடரும்வரை, சான்றை விசாரிக்கும் மாணவருக்கு இழப்பே மிஞ்சும். அந்தக் கணக்கை மாற்றாமல் மாணவரின் திறனை மட்டும் வளர்ப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பது, நூலகங்களைவிடப் பல்கலைக்கழகங்கள் விடை சொல்ல வேண்டிய கேள்வி.